சாரதிக்குக் காதில்லை

சுன்னாகச் சந்தையடியில்
பின் கதவைத் திறந்து ஏறின மனுசி
மரக்கறிப் பையை மடியில் வைச்சு
ஐஞ்சு நிமிசம் பொறுமையா இருந்திட்டுக் கேட்டா:
"சாரதி எங்கை பிள்ளை, வரச் சுணங்குமோ?"
ஸ்டியரிங்கில் கை வைச்சபடி
"இந்தா, வந்திட்டார்" எண்டு
திறப்பைத் திருகினன்.

கார் வெள்ளை அல்ற்றோ.
லீசிங் முடிய இன்னும் பதினெட்டு மாதம்.
எண்டாலும் ஒழுங்கைக்குள் திரும்பினால்
"யோகரஞ்சிக்கு என்ன குறை, கார்க்காரி"
எண்டு தகர வேலிகள் கதைக்கும்.
கார் எண்டால் காசாம்.
காசு லீசிங் கந்தோரில் இருக்கு.
என்னட்டைக் கார் மட்டும்.

ஓடினால்தான் கதை எண்டில்லை, நிண்டாலும் கதை.
கோண்டாவிலில் ஒரு படலையடியில்
ஒரு மணித்தியாலம் நிண்டதுக்கு
அந்த வீட்டுப் பெட்டைக்குச் சம்பந்தம் பேசி
நாளும் குறிச்சுப்போட்டுது அயல்.
உள்ளே நடந்தது
அவளின்ரை பெரியப்பாவுக்குப்
பல்செற் அளவெடுப்பு.

கோன் அடிச்சால் கோபமாம்.
"நான் வாறன்" எண்டுதான் அடிக்கிறன்.
மாட்டுக்கு விளங்குது.
மோட்டச்சைக்கிள்காரன்தான்
இறங்கி வந்து முறைக்கிறான்.

இறக்கத்தில் எஞ்சினை நிப்பாட்டினால்
பெற்றோல் மிச்சம் எண்டு
வழிநெடுகப் பாடம் எடுத்தார் ஒரு ரியூசன் வாத்தியார்.
பருத்தித்துறை வீதியில்
எங்கை ஐயா இறக்கம்?
தோசைக்கல்லில் வார்த்த ஊர் இது.

புதுக் காருக்குத் தேசிக்காய் நசிச்சவன்
அதோடை பிறேக்கை மறந்திட்டான்.
கோப்பாய்ச் சந்தியில்
என்ரை பின்பக்கம் இன்னும் சப்பளிஞ்சு கிடக்கு.
இடிச்ச கையோடை அவன் இறங்கிச் சொன்னது:
"பொம்பிளை ஓடினால் இப்பிடித்தான்."
நான் நிண்டுகொண்டிருந்தனான்.

ஆனால் எல்லாத்திலும் பெரிய பிழை வேறை.
சாரதிக்குக் காதில்லை எண்டு நினைக்கிறது.
என்ரை பின் சீற்றில் காணி உறுதி கைமாறும்,
சீதனம் அஞ்சு லட்சம் இறங்கும்,
ஆஸ்பத்திரியில் மூச்சு விடுற தாயின்ரை
அந்தியேட்டிக்கு எத்தினை இலை எண்டு
தமையனும் தம்பியும் கணக்குப் பார்ப்பினம்.
நான் கண்ணாடியில் பார்க்கிறேல்லை.
பார்த்தால்
காது இருக்கிறது தெரிஞ்சுபோம்.

போன கிழமை பலாலியில் ஏத்தின ஆள்
கனடாக்காரர், பக்கத்தில் மகன்.
வசாவிளான் தாண்டக் கதை எஞ்சினுக்கு வந்தது.
"சண்டை நேரம் இஞ்சை கார்
மண்ணெண்ணெயில் ஓடினதாம்.
உன்ரை அப்பப்பா விடுற புளுகு.
நான் இஞ்சினியர், எனக்குத் தெரியாதே?"
பெடியன் போனைத் தட்டிப் பார்த்து
"ஓடாதாம்" எண்டான்.

புன்னாலைக்கட்டுவன் சந்தியில் கியர் மாத்தினன்.
மாத்தின கை
பத்து வயதில் ஒரு சேலைன் போத்தில் பிடிச்சது.
அடியில் இரண்டு விரற்கடை பெற்றோல்.
சித்தப்பா மொறிஸின்ரை பொனற்றைத் தூக்கி
"ஆறு சொட்டு. ஏழு விட்டியோ, அடிதான்" எண்டார்.
ஆறு சொட்டு.
எஞ்சின் இருமிச்சு, கறுப்பாத் துப்பிச்சு,
பிறகு மண்ணெண்ணெயைக் குடிச்சுக் குடிச்சு
விளக்கில்லாமல் மந்திகை மட்டும் போச்சு.
பின்னாலை கிடந்தவர்
வழி முழுக்கப் புகையைத்தான் குறை சொன்னார்.
காலைப் பற்றி
ஒண்டும் சொல்லேல்லை.

சொல்லியிருக்கலாம்.
வாய் உன்னிச்சு, பிறகு
வளைவில் ஒரு ஆட்டுக்குட்டி குறுக்கை வந்திட்டுது.

திருநெல்வேலியில் பெட்டி இறக்கேக்கை
பெடியன்தான் கேட்டான்,
"அன்ரி, இந்தக் கார் எதிலை ஓடும்?"
முதல் தரம் என்ரை முகத்தைப் பார்த்துக் கேட்டான்.
"பெற்றோல், தம்பி.
வேறை ஒண்டிலும் ஓடாது."
"பாத்தியே!" எண்டார் தகப்பன்.
சந்தோசத்தில்
மிச்சக் காசை வேண்டாமல் போனார்.